ஆயிரத்துக்கு மேலே நீட்டிய கோடு

உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு காலு ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வந்துருங்க. பெருந்துறையில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க, இந்த வெயில்ல? வளர்மதி, ரெண்டு டீ போடு. சர்க்கரை போடலாமுங்களா? சரி, ஒண்ணுல கம்மியாப் போடு.

அப்ப, மோகனப்ரியாவப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். நல்லதுங்க. பொண்ணு எடுக்கறதுன்னா நாலு எடத்துல விசாரிக்கத்தான் வேணும். ஜாதகம் பொருந்துதுன்னு ஜோசியரு சொல்லிருவாரு. ஆளு எப்படின்னு கூட வேலை பாத்தவனத்தான் கேக்கணும். மூணு வருஷம் என் கைக்குக் கீழதான் இருந்தா. நான் டீம் லீடு. அவள நல்லா அறிஞ்சவன் என்னை விட்டா அந்த ஆபீஸ்ல யாரும் இல்ல.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் யாரப் பத்தியும் தப்பாப் பேசற ஆளு கெடையாதுங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை. என் வாயில இருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. நடந்தத நடந்தபடி சொல்றேன். நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஆனா, இவ ஒரு குடும்பத்துக்குள்ள வந்தா அந்தக் குடும்பம் என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. அவ்வளவுதான்.

நீங்க என்ன தொழிலுங்க? கல்யாண மண்டபமா? அட, அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். உங்க மண்டபத்துல ஒரு பந்திக்கு எத்தனை பேரு உக்காரலாம்? முன்னூறு. அதே மாதிரித்தானுங்க. எங்க கம்பெனி டேட்டாபேஸ் விக்குது. ஊருப்பட்ட தகவலப் பத்திரமா வெச்சிருந்து, கேக்கறப்ப எடுத்துக் குடுக்கற சாஃப்ட்வேரு. வாங்க வர்றவன் என்ன கேப்பான்? ஒரே நேரத்துல எத்தனை பேரு வந்து கேட்டாத் தாங்கும்னு கேப்பான். அத அளந்து சொல்றதுதான் என் டீமோட வேலை. பெர்ஃபாமென்ஸ் டெஸ்டிங்னு சொல்லுவாங்க.

அதுக்கு ஒரு டூலு இருக்குது. ஓசிதான். வெளிநாட்டுல நாலு பேரு சேந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னு வெச்சிருக்காங்க. அது கூட்டம் மாதிரி நடிக்கும். நூறு பேருன்னா நூறு பேரா வந்து டேட்டாபேஸ் கதவத் தட்டும். ஆயிரம்னா ஆயிரம். ஆனா ஆயிரத்துக்கு மேல கேட்டீங்கன்னா, முடியாதுன்னு ஒரு வரி காட்டிட்டு நின்னுக்கும். அது அதுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கற வரம்பு. ஏன்னு யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. நாங்களும் கேட்டதில்ல.

ஆனா கஸ்டமரு ஆயிரத்தோட நிக்கறானா? அஞ்சாயிரம் தாங்குமாம்பான். நாங்க என்ன பண்ணுவோம், நூறு, இருநூறு, ஐநூறு, ஆயிரம்னு ஓட்டிப் பாத்துப் புள்ளி வெப்போம். புள்ளியச் சேத்தா ஒரு கோடு வரும். அந்தக் கோட்ட அப்படியே அஞ்சாயிரம் வரைக்கும் நீட்டி விட்டுருவோம். ஆபீஸ்ல அதுக்குப் பேரே கோடு நீட்டறதுதான். "சென்னியப்பன், கோடு நீட்டியாச்சா"ன்னு டைரக்டரே கேப்பாரு. அந்த முறையக் கொண்டு வந்ததே நானுங்க. பெருமைக்குச் சொல்லல. புள்ளி நிஜம். கோடு நிஜம். நீட்டறது கணக்கு. இதுல பொய் எங்க இருக்குது, சொல்லுங்க?

இல்லீங்க, வாங்குனவங்க யாரும் வந்து தாங்கலைன்னு சண்டை போட்டதில்ல. ஒண்ணு ரெண்டு பேரு கேட்டாங்க. நெட்வொர்க்கப் பாருங்கன்னு சொல்லிட்டோம். நெட்வொர்க்குன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.

சரி, இவ கதைக்கு வர்றேன். அவிநாசிப் பக்கத்துப் புள்ள. அப்பா மளிகைக் கடை. அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வேலைக்கு வந்தப்ப நல்லாத்தான் இருந்தா. நேரத்துக்கு வருவா. அரட்டை கெடையாது, ஊர்வம்பு கெடையாது. பக்கத்துச் சீட்டுப் புள்ளைங்க லீவு போட்டா அவங்க வேலையும் சேத்துச் செஞ்சு குடுப்பா, அத வெளிய சொல்லவும் மாட்டா. நான் இல்லைன்னு சொல்லல. குணத்துல குறை சொல்ல முடியாது. அதுதானே ஆளுங்கள ஏமாத்துது.

ஒரே ஒரு பழக்கந்தான். எதையாச்சும் குடுத்தா, ஏன் இப்படின்னு கேப்பா. மூஞ்சில அடிச்ச மாதிரி எல்லாம் கேக்க மாட்டா, மெதுவா, "ஏனுங்க சார்"னு கேப்பா. பதில் சொன்னா, "சரிங்க சார்"னு போயிருவா. போயி உக்காந்து நாம சொன்னது சரிதானான்னு பாப்பா. உங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல இருந்து வர லேட்டாச்சுன்னு ஒரு காரணம் சொல்றாருன்னு வெச்சுக்குங்க. சரின்னுதான் சொல்லுவா. நெனச்சுப் பாருங்க.

போன ஆடி மாசம். தனியார் பஸ்காரங்க எல்லாம் ஒண்ணு சேந்து ஒரே எடத்துல டிக்கெட் போடற மாதிரி பண்ணப் போறாங்க, டேட்டாபேஸ் நம்மளுதுன்னு கிட்டத்தட்ட முடிவாயிருச்சு. தீவாளி முன்பதிவு தெறக்கற காலையில ஊரே ஒரே நேரத்துல வந்து விழும். பத்தாயிரம் தாங்கணும்னு கேட்டாங்க. எங்க கம்பெனி பாத்ததுலயே பெரிய வேலை அது. டைரக்டரு என்னக் கூப்பிட்டு, "இது முடிஞ்சா நீங்க மேனேஜரு"ன்னாரு. பத்தொம்பது வருஷமா அதே சீட்டுல உக்காந்திருக்கறவனுக்கு அது என்ன வார்த்தைன்னு உங்களுக்குப் புரியுமுங்களா? வீட்டுல வந்து சொன்னேன். வளர்மதி அன்னிக்கே எங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா.

இவகிட்ட வேலையக் குடுத்தேன். ஆயிரம் வரைக்கும் ஓட்டு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னேன். "ஏனுங்க சார் ஆயிரம்?"னா. டூலு அப்படித்தான்மான்னேன். சரிங்க சார்னு போனா. போயி என்ன பண்ணியிருக்கா தெரியுமுங்களா, டூலுக்குள்ள எழுதியிருக்கற ப்ரொகிராமையே தெறந்து படிச்சிருக்கா. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்துல டப்பாவத் தெறந்து வெச்சுட்டுப் படிச்சிருக்கா.

வந்து சொன்னா. அந்த ஆயிரம்ங்கறது ஒண்ணுமே இல்லீங்களாம். ஒரு ஃபைல்ல யாரோ எழுதி வெச்ச ஒரு நம்பராம். அந்தக் காலத்துல, பதில் வந்துருச்சான்னு பாக்கறதுக்குக் கம்ப்யூட்டருல ஒரு பழைய முறை இருந்துச்சாம். அதுல ஆயிரம் பேருக்குத்தான் எடமாம். அதனால வரம்பு வெச்சிருக்காங்க. இப்ப வேற முறை வந்து ரொம்ப வருஷமாச்சாம், யாரும் அந்த நம்பரத் தொடவே இல்லையாம். "நம்பர மட்டும் ஏத்துனா டூலு விழுந்துரும் சார், பதிலுக்குக் காத்திருக்கற முறையவும் மாத்தணும். மாத்திட்டேன்"னா.

எனக்குச் சந்தோசந்தாங்க. பொய் சொல்ல மாட்டேன். நான் பொறாமைப்படற ஆளு இல்ல. நேரா டைரக்டர்கிட்டப் போயி, டூலோட வரம்ப ஏத்திட்டோம்னு சொன்னேன். யாரு ஏத்துனாங்கன்னு கேட்டாரு. என் டீமுங்க. நாந்தானே லீடு. நான்னு சொன்னேன்.

இத அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கே அனுப்பி வெக்கலாமுங்களா சார், எல்லாருக்கும் உபயோகப்படும்னா. தாராளமா அனுப்புன்னேன். பேரு எப்படிப் போடட்டும்னா. கம்பெனி சார்பாப் போகுது, ரெண்டு மூணு பேரு எல்லாம் போட்டா நல்லா இருக்காது, லீடு பேரு மட்டும் போட்டாப் போதும்னேன். சரிங்க சார்னா. ஒரு மூஞ்சி சுளிப்பு இல்ல. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

அவங்க அங்க இருந்து கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. அதுக்கெல்லாம் அவதான் பதில் எழுதுனா, என் பேருல. கடைசில ஏத்துக்கிட்டாங்க. இருங்க, போன்ல காட்டறேன். கண்ணாடி எங்க... இதோ. இது அந்த டூலோட பக்கம். இந்த எடத்துல பாருங்க, சென்னியப்பன். என் பேரு. ஆயிரம்ங்கற வரம்ப எடுத்தவருன்னு போட்டிருக்கு. அமெரிக்காவுல ஒருத்தன் அந்த டூல எறக்குனாலும் என் பேரு அதுல இருக்கும். இத மட்டும் யாராலயும் எடுக்க முடியாது.

டீ எடுத்துக்குங்க. என் சம்சாரம் டீ நல்லாப் போடுவா.

அப்பறம் என்ன, ஓட்டுனோம். ஆயிரம் தாண்டுச்சு. ஆயிரத்து நூறு, ஆயிரத்து எரநூறு, கோடு நான் நீட்டுன மாதிரியே போச்சு. பாத்தியான்னேன். ஆயிரத்து நானூறுல டேட்டாபேஸ் படுத்துருச்சு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் இல்ல, கோடு அப்படியே தரைக்கு வந்துருச்சு. மறுபடி ஓட்டுனா மறுபடி அதே எடம். பெரிய மெஷின்ல போட்டாலும் அதே எடம்.

நான் என்ன சொல்லியிருப்பேன், நீங்களே சொல்லுங்க. ரிப்போர்ட் குடுக்கணும், நாளு இல்ல. அந்த நம்பரத் திருப்பி ஆயிரத்துல வெச்சுரு ப்ரியா, பழையபடி ஓட்டிக் கோடு நீட்டிக்கலாம்னேன். அதுக்கு அவ சொன்னா.

"நம்பரத் திருப்பி வெச்சா டூலுதானுங்க சார் நிக்கும். டேட்டாபேஸ் விழத்தான் போகுது. நாம பாக்காத எடத்துல விழும்."

இது மரியாதையான பேச்சுங்களா? என் வயசென்ன, அவ வயசென்ன? இத்தனை வருஷமா யாரும் விழலைன்னு சொன்னேன். யாருக்கெல்லாம் அஞ்சாயிரம்னு குடுத்திருக்கோம் சார்னு கேட்டா. ஒவ்வொண்ணாச் சொன்னேன். சொல்றப்ப அந்தக் காலேஜ் குரூப்பையும் சொன்னேன். அங்கதான் அவ புடிச்சுக்கிட்டா.

அது என்னன்னா, நம்ம பக்கத்துல நாலஞ்சு காலேஜு வெச்சிருக்கற ஒரு குரூப்பு. பேரு வேண்டாம். சீட்டு எடுக்கறது ஆன்லைன்ல, காலையில தெறக்கும், மொதல்ல வர்றவங்களுக்கு மொதல்ல. டேட்டாபேஸ் எங்களுது, டெஸ்ட் பண்ணிக் குடுத்தது நானு. எம்பொண்ணு அபிநயாவுக்குப் பிசியோதெரபி படிக்கணும்னு ஆசை. பத்தாவது படிக்கறப்ப இருந்தே அதையேதான் சொல்லுவா. மார்க்கும் இருந்துச்சு. நாந்தான் அங்கயே போடச் சொன்னேன். கவலையே படாத கண்ணு, அஞ்சாயிரம் பேரு வந்தாலும் தாங்கும், அப்பா பாத்துக் குடுத்ததுன்னேன். அன்னிக்குக் காலையில போனக் கையில வெச்சுக்கிட்டு இந்தச் சோபாவுலதான் உக்காந்திருந்தா. பக்கம் தெறக்காம அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. உள்ள போறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. அவ போனு அப்படி. ஓட்டைப் போனு. நான் நல்லாத் திட்டிட்டேன். வேளையோட எந்திரிச்சுக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போடின்னு சொன்னேன், கேட்டியா, சோம்பேறின்னு திட்டுனேன். இப்ப பி.காம். படிக்கறா. எங்கிட்ட அவ்வளவாப் பேச மாட்டேங்கறா. அந்த வயசு அப்படித்தானுங்க.

இத நான் சாப்பிடற நேரத்துல எப்பவோ ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். எல்லாரு வீட்டுலயும் நடக்கறதுதானே. அத ஞாபகம் வெச்சிருந்திருக்கா பாருங்க. அன்னிக்கு எத்தனை பேரு வந்தாங்கன்னு பதிவு இருக்குங்களா சார்னு கேட்டா. முடிஞ்ச கதைய எதுக்குக் கிளறறேன்னேன். அப்பறம் சொன்னா.

"சார், அபிநயா மேல தப்பு இருக்காதுங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எம்பொண்ணப் பத்தி எங்கிட்டச் சொல்றதுக்கு இவ யாரு? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வேலை பாக்க வந்தியா, வீட்டு விவகாரம் பேச வந்தியான்னு சத்தம் போட்டுட்டேன். ஃப்ளோரே திரும்பிப் பாத்துச்சு. சாரிங்க சார்னு போய் உக்காந்துக்கிட்டா. அழக்கூட இல்ல. நெஞ்சழுத்தம். அத நீங்க குறிச்சு வெச்சுக்கணும்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. அது போனு.

ரிப்போர்ட்ட நானே எழுதுனேன். டூலோட பழைய காப்பி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதுல ஆயிரம் வரைக்கும் ஓட்டி, பத்தாயிரத்துக்கு அழகா நீட்டி விட்டேன். இவகிட்டக் காட்டி, உன் பேரும் போடறேன்னேன். பாருங்க, டூலுக்குத்தான் பேரு வரல, இதுலயாச்சும் வரட்டும்னுதான். எனக்கு அந்த நல்ல மனசு இருந்துச்சு. வேண்டாங்க சார்னா. ஏம்மான்னேன். "நான் பாத்தது இது இல்லீங்களே"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல, டைரக்டர்கிட்டப் போயி வத்தி வெக்கவும் இல்ல. இன்னும் ஒரு வாரம் குடுத்தீங்கன்னா எங்க விழுதுன்னு கண்டுபுடிச்சுத் தர்றேன் சார்னு மட்டும் கேட்டா. ஒரு வாரத்துக்கு எங்க போறது? நான் குடுக்கல.

அப்பறம் பஸ்காரங்களோட மீட்டிங். எங்க ஆபீஸ்லதான். அவங்க பக்கத்துல ஒரு டெக்னிக்கல் ஆளு, நாமக்கல்லுப் பையன், சின்ன வயசு. உள்ள வந்ததும் நேரா எங்கிட்ட வந்து கையக் குடுத்தான். சார், நீங்கதானே அந்த டூலுல வரம்ப எடுத்தது, ரொம்ப நாளா அது இல்லாமக் கஷ்டப்பட்டுட்டு இருந்தோம், ரொம்ப நன்றிங்க சார்னான். டைரக்டரு முன்னாடி. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. பத்தொம்பது வருஷத்துல ஒருத்தன் எனக்கு அப்படிக் கை குடுத்தது இல்லீங்க.

உக்காந்தோம். ரிப்போர்ட்டப் பிரிச்சான். அப்பறம் மெதுவாக் கேக்கறான். "சார், உங்க புது டூல எறக்கி உங்க டேட்டாபேஸோட ட்ரையல் காப்பியில ஓட்டுனோம். ஆயிரத்து நானூறுல விழுந்துருச்சு. வரம்ப எடுத்ததே நீங்க. உங்க ரிப்போர்ட்டு ஏன் ஆயிரத்துல நிக்குது?"

அந்தப் புது டூலுல இன்னும் கொஞ்சம் கோளாறு இருக்குது, அதனால பழசுல ஓட்டுனோம்னேன். சட்டுனு அதுதான் வந்துச்சு. என்ன கோளாறு சார், உங்க ப்ரொகிராமுல எந்த எடத்துலன்னு கேட்டுட்டு லேப்டாப்ப என் பக்கம் திருப்பி வெச்சான். நான் பாக்கறேன். என் பேரு மேல இருக்குது. கீழ நூத்துக்கணக்குல வரி. ஒரு வரி எனக்குப் புரியல. அவள நான் எழுதச் சொன்னேனே தவிர, படிச்சேனா? லீடு படிச்சுட்டா உக்காந்திருப்பான்?

இவ மூலையில உக்காந்து ப்ரொஜெக்டரப் பாத்துக்கிட்டு இருந்தா. அவளப் பாத்தேன். ப்ரியா, அந்தக் கோளாறு என்னன்னு நீ சொல்லுன்னேன். இதுக்கு மேல ஒருத்தன் எப்படிக் கேக்கறது? ஒரே வார்த்தை. ஆமாங்க சார், டூலுலதான் கோளாறுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கு நான் தப்பிச்சிருப்பேன். என் சீட்டு, என் மேனேஜர் போஸ்ட்டு, எல்லாம் அவ நாக்கு நுனியில நிக்குது. என்னையப் பாத்தா. கண்ணு கலங்கிருச்சு, நான் பாத்தேன். அப்பறம் எந்திரிச்சா.

"டூலு சரியாத்தானுங்க சார் இருக்குது. டேட்டாபேஸ்தான் விழுது."

சொல்லிட்டு உக்காந்துட்டா. அப்பக்கூட, அந்த டூல நாந்தான் மாத்துனேன், இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாளா? சொல்லல. சொல்லியிருந்தா நான் பொழைச்சிருப்பேனோ என்னமோ. அந்த உதவியக்கூட அவ பண்ணல.

பஸ்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. டைரக்டரு என்ன ரூமுக்குக் கூப்பிட்டு ரொம்பத் தன்மையாப் பேசுனாரு. தன்மையாப் பேசுனாலே முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்த மாசத்தோட என்ன அனுப்பிச்சுப்போட்டாங்க. கோடு நீட்டுனது நான் ஒருத்தனாங்க? நீட்டியாச்சா நீட்டியாச்சான்னு கேட்டது அவரு. அவரு இன்னும் அதே ரூம்லதான் உக்காந்திருக்காரு.

இவ என்ன பண்ணுனான்னா, கூட ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு அந்த ஆயிரத்து நானூறு என்னன்னு கண்டுபுடிச்சா. எங்க டேட்டாபேஸுக்குள்ளயும் ஏதோ ஒரு வரம்ப எவனோ எழுதி வெச்சிருந்தானாம். சரி பண்ணி, பஸ்காரங்களக் கூப்பிட்டு, அவங்க கண்ணு முன்னாடியே பத்தாயிரம் ஓட்டிக் காட்டி, அந்த வேலையத் திரும்ப வாங்கிக் குடுத்துட்டா. தீவாளி முன்பதிவு தெறந்த அன்னிக்கு நான் இந்தச் சோபாவுலதான் உக்காந்திருந்தேன். எனக்குப் போறதுக்கு ஊரே இல்ல. சும்மா போன எடுத்துச் சென்னைக்கு ஒரு டிக்கெட்டுப் போட்டேன். சுத்தும், சுத்தும்னு பாத்தேன். சுத்தவே இல்லீங்க. தொட்டதும் வந்துருச்சு. என் வயிறு எரிஞ்சுது பாருங்க, அப்படி எரிஞ்சுது. உடனே கேன்சல் பண்ணிட்டேன்.

தீவாளி கழிச்சு ஒரு நாளு வீட்டுக்கு வந்தா. பலகாரம் எல்லாம் எடுத்துக்கிட்டு. நான் ரூம விட்டு வெளிய வரல. எம்பொண்ணுதான் வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தா. எங்கிட்டப் பேசாதவ அவகிட்ட அப்படிப் பேசறா. இன்னும் போன்ல பேசிக்கறாங்கன்னு வளர்மதி சொல்றா. என்ன பேசிக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கறதும் இல்ல.

இப்ப நானா? கன்சல்டிங் பண்றேனுங்க. வீட்டுல இருந்தே. இப்போதைக்கு வேலை ஒண்ணும் வரல, பேசிட்டு இருக்காங்க. வரும்.

இதுதானுங்க நடந்தது. ஒரு நம்பரு. ஒரு ஃபைல்ல ஒரு மூலையில சும்மா கெடந்த நம்பரு. அத எடுத்து என் சோத்துல மண்ணப் போட்டுட்டா. இப்ப நீங்க சொல்லுங்க, இந்தப் பொண்ண ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகலாமா?

என்னங்க கேட்டீங்க? பொய் சொல்லுவாளாவா?

அவளா? அவ எங்கீங்க சொல்லுவா. அதுதானே என் பிரச்சினையே. அன்னிக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் இப்படி உக்காந்திருப்பனா? இல்லீங்க, அடுத்தவங்க உழைப்ப எடுத்துக்கறவளும் இல்ல. இல்ல, பின்னால போயிப் பேசற பழக்கம் இல்ல. அட, என்னங்க நீங்க, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்கறீங்க? என்ன சிரிக்கறீங்க?

எந்திரிச்சுட்டீங்களா. அவ்வளவுதானா? வேற எங்கயும் விசாரிக்கப் போகலீங்களா? பழைய ஆபீஸ்ல இன்னும் நாலு பேரு இருக்காங்க, நம்பரு குடுக்கட்டுமுங்களா?

என்ன சொன்னீங்க?

அவளே குடுத்தாளா, என் பேர? நான் தரகரு சொல்லித்தான் வந்தீங்கன்னு நெனச்சேன். உன்னப் பத்தி யாருகிட்டம்மா கேக்கறதுன்னு நீங்க கேட்டதுக்கு, என் அட்ரஸ எழுதிக் குடுத்தாளா? என்னன்னு சொல்லிக் குடுத்தா? "அவருக்கு என்னக் கண்டா ஆகாது. அவருகிட்டயே போய்க் கேளுங்க"ன்னா? அப்பறம்? "நடந்தத மறைக்க மாட்டாரு"ன்னா?

அப்படியா சொன்னா.

சித்த உக்காருங்க. இல்லீங்க, ஒண்ணும் இல்ல. வெயிலுதான். வளர்மதி, தண்ணி கொண்டா.

பொண்ண எடுத்துக்குங்க. நான் என்ன சொல்லக் கெடக்குது. நல்ல புள்ளைதான். நல்லா இருக்கட்டும்.

ஒண்ணு கேக்கணுங்க. வளர்மதி வர்றதுக்குள்ள கேட்டுக்கறேன். இப்ப அவ மாறிப் போயிருக்கற புதுக் கம்பெனி பெருசுன்னாங்க. அங்க டெஸ்டிங்குக்கு ஆளு எடுக்கறாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமுங்களா? நான் கேட்டேன்னு வேண்டாம். நீங்களாப் பேச்சுவாக்குல கேக்கற மாதிரி. லீடு போஸ்ட்டுத்தான் வேணும்னு எல்லாம் இல்லீங்க. அவளுக்குக் கீழன்னாலும் பரவாயில்ல.